பாலாற்றை வைத்து ஒரு காலநிலைக் கதை எழுத முடியுமா?

ஊற்றுக்கால் (இழையைத் தொடங்கியவர்)

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை, இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். மூன்று மாதமாக இந்த வரி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பேசித் தீர்க்கத்தான் இந்த இழை, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆளுக்கொரு காலநிலைக் கதை எழுதிக்கொண்டு வருவது என்று முடிவானது. காலநிலைப் புனைவு என்றால் பெரும்பாலும் வருங்காலத்தில் நடக்கும், கடல் ஏறி நகரம் மூழ்கும், பனிமலை உருகும், மிஞ்சிய நாலு பேர் எதையோ தேடி நடப்பார்கள். நானும் அதே வழியில்தான் போனேன். 2070ஆம் வருடம், பாலாற்றங்கரை. ஆறு முழுக்கச் சீமைக்கருவேலம், ஆயிரம் அடி போர் போட்டாலும் வெறும் புகைதான் வருகிறது, குடிதண்ணீர் ரயிலில் போகிறது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, வயசுப் பிள்ளைகள் எல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். பதினாலு பக்கம் எழுதினேன்.

கூட்டத்துக்கு முந்தின ராத்திரி எங்கள் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆயாவுக்கு எண்பத்து மூன்று வயது, விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே ஆற்றோரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டது, இன்றைக்கும் வடாற்காடு ஜில்லா என்றுதான் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டது. அப்புறம், "இதுல கத எங்கடா இருக்குது, இதான் நடந்து முடிஞ்சிடுச்சே" என்றது.

யோசித்துப் பார்த்தால் ஒரு வரி விடாமல் நடந்துதான் இருக்கிறது. எங்கள் கழனியில் போர் புகைந்தது நான் ஆறாவது படிக்கும்போது. தண்ணீர் ரயில்? 2019 ஜூலை 12, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு, ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். மேட்டூரிலிருந்து குழாயில் நமக்கு வந்த காவிரித் தண்ணீர், நம் தெருக்களில் குடம் வரிசையில் நிற்கும்போதே, சென்னைக்குப் போயிற்று. சென்னைக்காரர்களின் தாகத்தைக் குறை சொல்லவில்லை, அந்த வருடம் அங்கே ஏரிகளெல்லாம் வறண்டு கிடந்தன. ஆனால் காட்பாடி பிளாட்பாரத்தில் நின்று அந்த வேகன்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போனதைப் பார்த்தவன் நான், அதையே எடுத்து ஐம்பது வருடம் தள்ளி வைத்துக் கற்பனை என்று எழுதியிருக்கிறேன்.

கதையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. கேட்க வந்தது இதுதான்: ஆறு செத்து, நிலம் உப்பாகி, ஊர் காலியாவதை ஏற்கெனவே பார்த்துவிட்ட ஊரில் காலநிலைக் கதையை எந்தக் காலத்தில் வைப்பது?

ஆம்பூர் தொட்டிக்காரர் மகன்

தம்பி, உங்கள் ஆயா சொன்னது சத்தியம். ஆனால் எனக்கு அதைவிட முன்னால் நிற்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. பாலாற்றுக்கு நடந்ததைக் காலநிலை என்று ஏன் எழுத வேண்டும்?

எங்கள் நைனா தோல்ஷாப்பில் ஊறப்போடுகிற தொட்டியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவி மடித்துத்தான் மண்டியிலிருந்து வரும். தொட்டியில் போட்டதும் அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும், அப்புறம் சுண்ணாம்பு, அப்புறம் மற்றதெல்லாம். ராத்திரி வீட்டுக்கு வந்தால் நைனாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், அம்மா தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தடவிவிடும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவுக்குப் பின்னால் வாய்க்காலில் ஓடியது அந்தத் தண்ணீர்தான். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் வாய்க்கால் ஓரத்து மண் வெள்ளையாகப் பூத்துப்போய் நிற்கும். சின்னப் பிள்ளையில் நாங்கள் அதைக் குச்சியால் கீறி விளையாடுவோம்.

இது வானத்திலிருந்து வந்த கேடா? 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரும் என்று தெரிந்தால் அறிவியல் ஆதாரம் முழுசாக வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அதில் சொன்னார்கள். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவனும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் பரீட்சை எழுத முடியாது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்றும், தோல் பட்டறைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ வீணாகிவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இருபத்தெட்டு வருடம் கழித்து 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

தோல் தொழிலை மூடச் சொல்கிற ஆள் நான் இல்லை. அது இல்லாவிட்டால் நானும் என் அக்காவும் படித்திருக்க மாட்டோம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் எத்தனை ஆயிரம் வீட்டு அடுப்பு அதில் எரிகிறது என்று எனக்குத் தெரியும். என் தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள், நாள் பிடிக்கும். பதனிடக் குரோம் ரசாயனம் வந்ததும் வேகம் வந்தது, வேகத்தோடு இதெல்லாம் வந்தது. ஆனால் காலநிலை மாற்றம் என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்துவிட்டால், மணல் அள்ளியவன், கழிவை விட்டவன், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் எல்லாரும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

நிலவியல் வாத்தியார்

இருவர் சொன்னதும் எனக்குப் புரிகிறது, ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் வழியாக வந்து கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர், அதில் 222 நம்மிடம். இது காவிரி மாதிரி மேலே ஓடும் ஆறாக எப்போதும் இருந்ததில்லை. பாலாற்றின் தண்ணீர் மணலுக்குள் ஓடும். பத்து நாள் வெள்ளம் வந்தால் போதும், அந்தப் பருத்த மணல் படுகை அதைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால்தான் இரண்டு கரையிலும் ஊற்றுக்கால்வாய்கள் வெட்டினார்கள். ஆற்றுப் படுகையில் மணலைத் தோண்டி, கசிகிற நீரைச் சரிவாகவே கழனிக்கு இழுத்துக்கொண்டு போகிற வாய்க்கால். மோட்டார் வேண்டாம், ஏற்றம்கூட வேண்டாம். இழையைத் தொடங்கியவர் அந்தப் பெயரையே வைத்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது.

அந்த மணலை லாரி லாரியாக அள்ளியபோது போனது தண்ணீர்த் தொட்டியே. தொட்டியை உடைத்துவிட்ட பிறகு மழை எவ்வளவு பெய்து என்ன? மேலே தடுப்பணைப் பிரச்சினையும் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரைப் பற்றிச் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1892 ஒப்பந்தத்தைக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆந்திரத்தில் புல்லூர் தடுப்பணையை 2016இல் ஐந்து அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்கு உயர்த்தினார்கள்.

இப்போது இதன் மேல் காலநிலையை வைத்துப் பாருங்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைப் பிடித்துவைக்கும். பிடித்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டும். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் வருடம் 2024. ஆக மழை வருகிற விதமே மாறுகிறது. பத்து நாள் நிதானமாகப் பெய்து மணலுக்குள் இறங்க வேண்டியது இரண்டே நாளில் வந்து விழுகிறது, வாங்கி வைக்க மணலும் இல்லை. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? வாணியம்பாடியில் 1903 வெள்ளத்துக்கு நினைவுத் தூண் நிற்கிறதே, அதற்கப்புறம் பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளத்தை நாம் பார்க்கவில்லை. வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அதே நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அடுத்த மாதம் திருவலத்தில் பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல், சென்னை ரயில்கள் பல நின்றன.

ஆம்பூர் நண்பர் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். உடம்பை முதலில் பலவீனப்படுத்தியது நாம், காய்ச்சல் பிறகு வந்தது. காய்ச்சலைப் பற்றி எழுதும்போது பலவீனப்படுத்தியவர்களையும் எழுதுங்கள்.

கத்தரிக் கொல்லை

நான் கதையெல்லாம் படிப்பதில்லை, மகள் இந்த இழையைக் காட்டினாள். நான் சொல்வதை அவள்தான் அடித்துக் கொடுக்கிறாள்.

நாங்கள் இலவம்பாடிப் பக்கம், முள்ளுக் கத்தரி போடுகிறவர்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், பேப்பரில் படம் எல்லாம் வந்தது. காம்பிலும் இலையிலும் முள், பறிக்கிற கையில் குத்தும், ஆனால் குழம்பில் போட்டால் வெண்ணெய் மாதிரி வெந்துபோகும்.

வெயிலைப் பற்றி டிவியில் நம்பர் சொல்கிறார்கள், 108, 110 என்று. வேலூருக்கு அது புதுசு இல்லை, கத்திரி வெயிலில் நாங்கள் பிறந்து வளர்ந்தவர்கள். புதுசு என்னவென்றால் ராத்திரி. முன்பெல்லாம் சித்திரையிலும் விடியற்காலை மூன்று மணிக்குக் கொல்லையில் ஒரு சில்லென்ற காற்று வரும், செடி நிமிர்ந்துகொள்ளும். இப்போது விடிகிற வரைக்கும் மண் சுடுகிறது. செடி பூக்கும், ஊதா நிறத்தில் நல்ல பூதான், ஆனால் மறுநாள் காம்போடு பழுத்துக் கீழே விழுந்து கிடக்கும். செடிக்கு அடியில் குனிந்து பார்த்தால் மஞ்சளாகப் பூவாகவே கொட்டியிருக்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது. தண்ணீர் விட்டிருக்கிறோம், எரு போட்டிருக்கிறோம், பூச்சியும் இல்லை. சூட்டில் பூ தங்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கிய பணத்தில் போட்ட கொல்லையில் பூ கொட்டிக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு வருமே மழை, அதை நம்பித்தான் எங்கள் மானாவாரி எல்லாம். அது எப்போது வரும் எப்போது வராது என்று இப்போது என் வீட்டுக்காரராலேயே சொல்ல முடியவில்லை. அவர் சாயங்கால மேகத்தை ஒரு பார்வை பார்த்தால் முன்பெல்லாம் தப்பாது. எழுதுகிறவர்கள் அதையும் எழுதுங்கள்.

ராணிப்பேட்டை

அக்கா, அந்தப் பூவைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் செய்ய ஓடவில்லை.

எங்கள் ஊரில் 1995இல் மூடிய ஒரு தொழிற்சாலையின் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மழை பெய்தால் அங்கிருந்து வழிகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். நிலவியல் வாத்தியார் சொன்ன மாதிரி மழை இரண்டே நாளில் கொட்டினால் அந்த மஞ்சள் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் எங்களுக்குக் காலநிலைக் கேள்வி. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைச் சேறு மூடியது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். யாராவது கதை எழுதினால் அவர்களை விட்டுவிடாதீர்கள்.

ஊற்றுக்கால்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஆம்பூர் அண்ணே, நீங்கள் கேட்டது சரி, என் பதினாலு பக்கத்தில் ஒருத்தர்கூட மணல் அள்ளவில்லை, ஒரு தொட்டியிலிருந்தும் தண்ணீர் வெளியே வரவில்லை. ஆறு தானாகவே செத்துக் கிடந்தது. அது பொய்.

இன்னொன்றும் தோன்றுகிறது. வறட்சி நமக்குச் செய்தி, அதை எழுதக் கற்பனையே வேண்டாம். என்னால் கற்பனை செய்ய முடியாமல் இருப்பது தண்ணீர். 2021 நவம்பரில் ஆறு கரை தொட்டுப் போனபோது எங்கள் ஊர்த் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது, மூன்று நாள் அக்கரைக்குப் போக்குவரத்து இல்லை, கரையோரத்து வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்கூட மிஞ்சவில்லை. அப்படியும் சனம் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. பெண்கள் கற்பூரம் ஏற்றினார்கள், மஞ்சள் குங்குமம் தூவினார்கள். என் வயதுக்காரன் ஒருத்தன் பக்கத்தில் நின்று, "மச்சான், ஆறுன்னா சத்தம் போடுமாடா?" என்று கேட்டான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, ஆற்றோரத்திலேயே பிறந்தவன்.

அதனால்தான் கேட்கிறேன், நம் ஊர்க் காலநிலைக் கதையை 2070இல் ஊற்றுக்கால் ஓடுகிற மாதிரி வைத்தால் என்ன? என்னென்ன செய்தால் அது ஓடும் என்பதை ஒவ்வொன்றாக, யார் யாரோடு சண்டை போட வேண்டியிருந்தது என்பது உட்பட எழுதினால்?

ஆம்பூர் தொட்டிக்காரர் மகன்

எனக்கு ஒப்பவில்லை தம்பி. ஆசையை எழுதினால் படிப்பவன் சமாதானமாகிவிடுவான், புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவான். எரிகிற மாதிரி எழுதினால்தான் யாராவது எழுந்து நிற்பான்.

ஊற்றுக்கால்

அண்ணே, அந்தச் சொலவடையில் நாலாவது என்ன? சாமி இல்லாத கோயில். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் எத்தனை தலைமுறை மூலவர் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது, எத்தனை பேர் அதை ஒரு காட்சிப்பொருளாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த வரி அன்றைக்கே பழசாகிவிட்டது, நாம்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் பக்திக்காகச் சொல்லவில்லை. ஆறும் மலையும் அந்தப் பட்டியலில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன். 1980இல் ஒருத்தர் சாமி இருக்கிற கோட்டைக் கோயிலைப் பற்றிக் கதை எழுதியிருந்தால் அதையும் ஆசை என்றுதானே சொல்லியிருப்போம்?

நூறு நாள் வேலை, கணியம்பாடி

கோயிலை விடுங்க, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து வருகிற நாகநதிக்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் நூறு நாள் வேலையில் உறைக்கிணறு இறக்கினோம். இது தண்ணீர் சேந்துகிற கிணறு இல்லை, மழைத் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புகிற கிணறு. ஓடைக்குள் குழி வெட்டி, சிமென்ட் உறையை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் போடுவோம். மேலே ஓடையில் பாறாங்கல்லை அடுக்கித் தடுப்புப் போடுவோம், தண்ணீர் ஓடாமல் நடக்கட்டும் என்பதற்காக. முதல் வாரம் எல்லாரும், ஆற்றுக்குள் எதற்கம்மா கிணறு, பைத்தியமா என்று கேட்டார்கள். உறையைக் கயிறு கட்டி இறக்கும்போது ஆறு பேர் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் விட்டாலும் கீழே நிற்கிறவள் கால் போய்விடும். எனக்குத் தோள்பட்டையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

இரண்டு மழை கழித்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிணற்றில், பதினைந்து வருடமாகக் குப்பை கொட்டிய கிணறு அது, தண்ணீர் ஏறியது. நாகநதி வருடம் முழுக்க ஓடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பங்குனியில் வாளி போட்டால் சத்தம் கேட்கிறது.

ஆம்பூர் சார், எரிகிற மாதிரி நீங்கள் எழுதுங்கள், அதுவும் வேண்டும்தான். உறை இறக்குகிற மாதிரி இவர் எழுதட்டும்.

ஆம்பூர் தொட்டிக்காரர் மகன்

சரிம்மா. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். தொட்டித் தண்ணீர் வெளியே வருகிற இடத்தை மட்டும் கதையில் விட்டுவிட வேண்டாம், நைனா கையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்.

ஊற்றுக்கால்

நேற்று ராத்திரி ஆயாவிடம் ஊற்றைப் பற்றிக் கேட்டேன். எழுபதுகளில் எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு ஆற்றில்தான் ஊற்றுத் தோண்டுவார்களாம். விடிவதற்கு முன்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்து போய், முழங்கை ஆழம் மணலைக் கையால் வாரினால் போதும். முதலில் வருகிற தண்ணீர் கலங்கல், அதை எடுக்கக் கூடாது, சுரைக்குடுக்கையால் மொண்டு வெளியே இறைத்துவிட வேண்டும். இரண்டாவது தடவையும் இறைக்க வேண்டும். மூன்றாவது ஊறும்போது அடியில் மணல் குதிப்பது தெரியும், ஆயா கையைக் குவித்து விரலை மேலே மேலே தூக்கிக் காட்டியது, பருக்கை பருக்கையாக மணல் குதிக்குமாம். அது அடங்கின பிறகுதான் குடத்தில் மொள்ள வேண்டும். தண்ணீருக்கு அவசரப்பட்டால் மணலைத்தான் குடிக்கணும் என்று அதன் மாமியார் திட்டுவாராம். அந்த ஊற்றுக்கும் கழனிக்குப் போன ஊற்றுக்காலுக்கும் நடுவே ஒரு நாவல் மரம் இருந்தது என்று சொன்னது. எனக்குத் தெரிந்து அங்கே நாவல் மரமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து ஆயாவை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறேன். ஊற்றுக்கால் தலை எங்கே இருந்தது என்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள்.

நிலவியல் வாத்தியார்

நான் வருகிறேன், பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆறரைக்குள் வந்துவிடுங்கள், ஆயாவுக்கு ஒரு குடையும் செருப்பும் மறக்க வேண்டாம். எட்டு மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது.